கருவாட்டுப் பரண் திலகவதி

பேருந்து கடலூர் முதுநகரைத் தாண்டியதும் திலகவதியின் கை ஜன்னல் கம்பிக்கு வெளியே போய்விடும். விரல்களை விரித்து, உள்ளங்கையைக் காற்றுக்குக் காட்டியபடி கொஞ்ச நேரம் வைத்திருப்பாள். "கைய உள்ள எடும்மா, கரண்டு கம்பம் வாங்கிக்கும்" என்று நடத்துநர் தினமும் சொல்வார். அவளும் தினமும் "இதோ சார்" என்பாள், எடுக்க மாட்டாள். பிறகு தானாகவே கையை உள்ளே இழுத்து, விரல் நுனிகளைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, யாரும் கேட்காமலே அறிவிப்பாள். "இன்னிக்கு மேக்காத்துக்கா. நெத்திலி சாயங்காலத்துக்குள்ள காஞ்சிடும்." சில நாள், "ஈரம் ஜாஸ்தி. ஒண்ணரை நாள் ஆவும்."

எங்கள் வீட்டில் மீன் சமைப்பதில்லை என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். அதை அவள் பொருட்படுத்தியதே இல்லை.

நான் சிதம்பரத்தில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். இருபத்தாறு வருடமாக மற்றவர்கள் நிரப்பிக் கொடுத்த படிவங்களைப் படிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அதனால் படிவம் நிரப்புகிறவர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. எல்லோரும் கொஞ்சம் கூட்டியும் கொஞ்சம் மறைத்தும்தான் எழுதுவார்கள். என் வீட்டுக் கடன் விண்ணப்பத்தில் நானும் எழுதியிருக்கிறேன். போன ஐப்பசியில் ஒரு மழைக்காலையில், ஏழு நாற்பது வண்டியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த இந்தப் பெண் கைப்பேசியில் ஏதோ ஒரு படிவத்தைத் திறந்து வைத்துக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தாள். தொழில் புத்தி சும்மா இருக்கவில்லை, எட்டிப் பார்த்தேன். அன்று பிடித்த பழக்கம் இன்னும் விடவில்லை.

திலகவதிக்கு இருபத்தொரு வயது. ஊர் தேவனாம்பட்டினம். சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் உணவுத் தொழில்நுட்பம் படிக்கிறாள். அப்பா பக்கிரி விசைப்படகில் வேலைக்குப் போகிறவர். அம்மா குப்பு கருவாடு போட்டு விற்கிறவர். பையில் பாடப்புத்தகத்தோடு ஒரு சின்னத் தராசும், மூடி இறுக்கிய இரண்டு டப்பாக்களும் எப்போதும் இருக்கும். டப்பாக்களில் இருப்பது கருவாட்டு மாதிரி. மூடி எவ்வளவு இறுக்கினாலும் என் தயிர்சாதத்துக்கு அந்தச் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். முதல் வாரத்தில் வேறு இருக்கைக்கு மாறிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

அவளிடம் இன்னொரு வினோதம் உண்டு. சாலையோரத்தில் எது காய்ந்தாலும் எழுதிக்கொள்வாள். ஆலப்பாக்கம் அருகே தார்ச்சாலையில் நெல், புதுச்சத்திரத்தில் ஒரு மாடியில் வடகம், அடுத்த ஊரில் வேலியில் துணி. எந்த நேரம், எந்தப் பக்கம் வெயில், அடியில் என்ன விரித்திருக்கிறார்கள் என்று எல்லாம் அந்த நோட்டில் இருக்கும். "துணிய எழுதி என்ன பண்ணப் போற?" என்று கேட்டேன். "துணிய கயித்துல போடறாங்க, கருவாட்ட மட்டும் மண்ணுல போடறாங்க. ஏன்னு பாக்கறேன்க்கா" என்றாள்.

அந்தக் கேள்விக்கு அவள் வீட்டு வாசலிலேயே பதில் கட்டிவைத்திருந்தாள். நான்கு சவுக்குக் கழி, மேலே இழுத்துக் கட்டிய பழைய மீன் வலை, காக்கைக்காக அதற்கு மேல் இன்னொரு வலை. அதற்குப் பரண் என்று பெயர் வைத்திருக்கிறாள். மீனுக்கு அடியிலும் காற்று போகும், மண் ஒட்டாது, நாய் வாய் வைக்காது. மண் கடிபடாத கருவாடு என்று பண்ருட்டிச் சந்தையில் குப்புவின் கூடைக்கு ஒரு தனி மவுசு வந்துவிட்டது. ஆனால் குப்புவுக்குப் பரண் மீது ஒரே ஒரு குறை. "ஒசரம் ஜாஸ்திடி. கையத் தூக்கித் தூக்கி முதுவு வுட்டுப் போவுது." திலகவதி ஒப்புக்கொள்ளவே மாட்டாள். "கீழ வெச்சா நாய் வரும்மா. ஒரு மீட்டருக்கு மேல இருக்கணும்னு புக்குலயே போட்டிருக்குது." குப்பு அந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொன்னதை இங்கே அச்சில் போட முடியாது.

படிவத்துக்கு வருகிறேன். வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று மாணவர்களுக்கு விதைநிதி கொடுக்கிறது. சொந்த நாட்டில் இல்லாமல் வேறொரு நாட்டுக்குப் போய், அந்த ஊர் மாணவர் ஒருவரோடு சேர்ந்து, சின்னத் தொழில் ஒன்றைத் தொடங்கிக் காட்ட வேண்டும். திலகவதிக்கு ஆப்பிரிக்காவின் சான்சிபார் தீவில் ரெஹேமா என்று ஒரு தோழி இருந்தாள். இரண்டு கல்லூரிகளும் சேர்ந்து நடத்திய ஓர் இணையவழி வகுப்பில் கிடைத்த சிநேகிதம். ஒருநாள் ரெஹேமா தன் அம்மா வேலை செய்யும் இடத்தைப் படம் எடுத்து அனுப்பினாள். கடற்கரை மணலில் நெத்திலி காய்கிறது. குனிந்து புரட்டிக்கொண்டிருக்கிறார்கள் பெண்கள். "தேவனாம்பட்டினம்னே நெனைச்சேன்க்கா. அவுங்க கட்டியிருந்த துணியப் பாத்துத்தான் வேற ஊருன்னு தெரிஞ்சிது" என்றாள். அங்கே நெத்திலிக்கு டகா என்று பெயராம். டகாவுக்குப் பரண் கட்ட வேண்டும், அதை அந்தப் பெண்களே நாள் வாடகை கொடுத்து நடத்த வேண்டும், மண் இல்லாத கருவாட்டை நல்ல விலைக்கு விற்க வேண்டும் என்பதுதான் திட்டம்.

இங்கிருந்து அவளோடு போகிற கூட்டாளி ஸ்ரீதர். கீரப்பாளையத்தில் நெல் விவசாயம் செய்கிற வீட்டுப் பிள்ளை, அவள் வகுப்பு. சிதம்பரம் பேருந்து நிலையத்தில் ஒரு தூணில் சாய்ந்தபடி தினமும் காத்திருப்பான். இவள் இறங்கியதும் இரண்டு பேரும் சண்டையைத் தொடங்குவார்கள். "உங்கள் திட்டத்தில் என்னென்ன தவறாகப் போகலாம்?" என்று படிவத்தில் ஒரு கேள்வி. இதற்கெல்லாம் ஆபத்தில்லாத இரண்டை எழுதிவிட்டு நகர்ந்துவிட வேண்டும் என்று நான் சொன்னேன். திலகவதி பதினான்கு எழுதினாள். காகம், நாய், பெருங்காற்று, வலை கிடைக்காதது, அந்தப் பெண்களே வேண்டாமென்று சொல்லிவிடுவது. பதினான்காவது, அம்மா அனுப்பாமல் இருக்கலாம். "பதினாலு ரிஸ்க்கு போட்டா, பதினஞ்சாவது நாமதான்னு நெனைச்சிக்குவாங்க" என்று ஸ்ரீதர் தலையில் அடித்துக்கொண்டான். அவள் ஒன்றைக்கூட எடுக்கவில்லை.

தை மாதத்தில் பேருந்து புதுச்சத்திரத்தில் நின்றபோது மின்னஞ்சல் வந்தது. படித்துவிட்டுச் சட்டென்று எழுந்ததில் மேலே பை வைக்கும் கம்பியில் தலை இடித்துக்கொண்டாள். "குடுத்துட்டாங்கக்கா" என்று சொல்லிவிட்டு, இடித்த இடத்தைத் தேய்த்துக்கொண்டே நின்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. நான் பெற்ற பிள்ளைக்குக்கூட அவ்வளவு சந்தோஷப்பட்டேனா என்று தெரியவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கருவாட்டு வாசம் அடித்தது. சிதம்பரம் வரை விடவில்லை.

நிதி கிடைப்பது ஒரு கஷ்டம் என்றால், கிடைத்த நிதியைச் செலவு செய்வது அதைவிடப் பெரிய கஷ்டம் என்று அடுத்த இரண்டு மாதத்தில் அவளுக்குத் தெரிந்தது. எதை வாங்கினாலும் மூன்று கடைகளில் விலை கேட்டு எழுதி வாங்கி வர வேண்டும் என்பது கல்லூரி அலுவலகத்தின் விதி. எடுத்துப் போகவிருந்ததோ கிழிந்து கழித்துப்போட்ட வலை. துறைமுகத்தில் காத்தவராயன் என்கிற வலைக்காரர், "இத்த தூக்கிக்கினு போனா எனக்கு எடம் மிச்சம்" என்று சும்மாவே கொடுத்தார். சும்மா கொடுப்பதற்கு மூன்று பேரிடம் விலைப்புள்ளி எங்கே வாங்குவது? கடைசியில் மூன்று வலைக்காரர்களிடம், "விலை இல்லை, எடுத்துக்கொண்டு போகலாம்" என்று நோட்டுத்தாளில் எழுதி வாங்கிக் கொடுத்தாள். அலுவலகம் அதில் முத்திரை குத்தி ஏற்றுக்கொண்டது. நானாக இருந்தாலும் குத்தியிருப்பேன்.

பயணம் மே முதல் தேதியிலிருந்து ஜூன் பத்து வரை என்று குறித்திருந்தார்கள். கடலூர்க்காரர்கள் யாரைக் கேட்டாலும் அந்தத் தேதியைத்தான் சொல்லியிருப்பார்கள். தேர்வு முடிந்த விடுமுறை. மீன்பிடித் தடைக்காலம், அப்பா கரையில் இருப்பார், அம்மாவுக்கும் வேலை குறைவு. எல்லாவற்றுக்கும் மேலே கத்திரி வெயில். கருவாடு காயப்போட அதைவிட நல்ல காலம் உண்டா? விண்ணப்பத்தைப் படித்த நானும், திருத்திக் கொடுத்த பேராசிரியரும், நேர்காணலில் கேள்வி கேட்டவர்களும் அந்த வரியில் ஒரு நொடிகூட நிற்கவில்லை.

பங்குனியில் ஒருநாள் ஆலப்பாக்கம் தாண்டியும் அவள் கை வெளியே போகவில்லை. கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரெஹேமாவுக்குப் பயணத் தேதியை உறுதிப்படுத்தி எழுதியிருந்தாள். வந்த பதில் இதுதான்: "குடை எடுத்துக்கொண்டு வா. இரண்டாகவே எடுத்து வா. அப்போதுதான் இங்கே பெரிய மழை."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. நமக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. சித்திரை, வைகாசியில் ஊரே வெள்ளக்காடாகும் ஒரு தேசம் இருக்கும் என்று எனக்கும் தோன்றியதில்லை. திலகவதி சிரிக்கவில்லை. "நம்ம வெயில அங்க எடுத்துக்கினு போவலாம்னு நெனைச்சிட்டேன்க்கா" என்றாள்.

சிக்கல் என்னவென்று அவளே சொன்னாள். ஜூன் கடைசிக்குள் வேலையை முடிக்க வேண்டும் என்று ஒப்பந்தம். தேதி மாற்றக் கேட்டால், நிதியை நிறுத்திவைக்கவோ திரும்பப் பெறவோ அறக்கட்டளைக்கு உரிமை உண்டு. ஒருமுறை திரும்பப் பெற்றால் மறுபடி விண்ணப்பிக்க முடியாது. கேட்டால் எல்லாமே போகலாம். கேட்காமல் போனால் மழையில் போய் நிற்க வேண்டும்.

இந்த இடத்தில் என் யோசனையை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். "பேசாம மே மாசமே போ. பரணைக் கட்டு. மழை விடற நேரத்துல நாலு மீனைப் போட்டு போட்டோ எடு. ரிப்போர்ட் எழுதிக் குடுத்துடு. படிக்கிறவங்களுக்கு அங்க மழையா வெயிலான்னு எப்படித் தெரியப் போகுது?" என்றேன். இருபத்தாறு வருட அனுபவத்தில் சொன்னது. என் மேசைக்கு வந்த எத்தனையோ படங்களில் நானும் வானத்தைப் பார்த்ததில்லை.

"போட்டோவுல காஞ்சிடும்க்கா. அவுங்க கையில காயாதே" என்றாள்.

ஸ்ரீதர் ஒப்புக்கொள்ளவில்லை. அன்று பேருந்து நிலையத்தில் அவன் அவ்வளவு கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. "நீ ஒருத்தி மட்டுமா அப்ளிகேஷன் போட்ட? நான் பாஸ்போர்ட் எடுத்து வெச்சிருக்கேன். எங்க வீட்ல ஊரு பூரா சொல்லிட்டாங்க. குடுத்தத திருப்பி வாங்கிக்கினா மூஞ்ச எங்க வெச்சிக்கறது?" என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. தேதி மாற்றக் கேட்கும் கடிதத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும்.

திலகவதி அவன் பக்கம் திரும்பினாள். "ஏண்டா, உங்க களத்துல நெல்லு காயுது. மழ வந்துடுது. அப்ப வாரி உள்ள போடுவியா, போட்டோ எடுத்துக்கினு இருப்பியா?"

பேருந்து ஒன்று புகையைக் கக்கிக்கொண்டு போகும் வரை அவன் நின்றான். பிறகு, "எழுது, போடறேன்" என்றான். முகம் மட்டும் இரண்டு நாள் சரியாகவில்லை.

கடிதத்தை முதலில் தமிழில் எழுதி, பிறகு ஆங்கிலத்தில் மாற்றினாள். தமிழில் எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினாள். "நாங்கள் கொடுத்த தேதிகள் தவறானவை. எங்கள் ஊரில் மே மாதம் கடும் வெயில், படகுகள் கரையில் இருக்கும். அதை வைத்து நாள் குறித்தோம். சான்சிபாரில் அது பெரிய மழைக்காலம், மீன் காயாது. இதை நாங்கள் ரெஹேமாவிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பாள். தவறு எங்களுடையது. ஜூலையில் போக அனுமதி தர முடியுமா?" இவ்வளவுதான். தவிர்க்க முடியாத காரணங்களால், நிர்வாகக் காரணங்களால் என்று நான் ஆயத்தமாக வைத்திருந்த சொற்களில் ஒன்றுக்கும் அதில் இடமில்லை. இப்படி ஒரு கடிதம் என் மேசைக்கு வந்ததே இல்லை. வந்திருந்தால் முதலில் ஆளைக் கூப்பிட்டுப் பார்த்திருப்பேன். அன்று எனக்கு என்னை நினைத்துக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

பன்னிரண்டு நாள் பதில் இல்லை. அந்த நாட்களில் அவள் கை வெளியே போனது. ஆனால் அறிவிப்பு மட்டும் வரவில்லை. ஐந்தாம் நாள் நானே, "என்ன காத்து?" என்று கேட்டுவிட்டேன். அவள் ஆச்சரியமாகத் திரும்பிப் பார்த்து, "கொண்டல்க்கா, கெழக்கு காத்து" என்றாள். நடத்துநர்கூட அந்த வாரம் கம்பத்தைப் பற்றிப் பேசவில்லை.

பதில் வந்தபோது அது அனுமதியாகவும் இல்லை, மறுப்பாகவும் இல்லை. ஒரே ஒரு கேள்வி: "ஜூலை என்பதை யாரிடம் கேட்டு முடிவு செய்தீர்கள்?"

திலகவதி நாக்கைக் கடித்துக்கொண்டாள். யாரிடமும் கேட்கவில்லை. மழை எப்போது நிற்கும் என்று இணையத்தில் பார்த்ததுதான். "மறுபடியும் அதே தப்பு பண்ணிட்டேன்க்கா" என்று சொல்லி, அந்த இடத்திலேயே ரெஹேமாவுக்கு வீடியோ அழைப்பு போட்டாள். அம்மாவைக் கூப்பிடச் சொன்னாள். திரையில் ஒரு பெரிய முகம் வந்தது. தலையில் பூப்போட்ட துணி, கண்களில் ஒரு குறும்பு. ரெஹேமா நடுவில் நின்று ஆங்கிலத்தில் மாற்றிச் சொன்னாள். அந்த அம்மாள் வெயிலைப் பற்றிப் பேசவே இல்லை. நிலாவைப் பற்றிப் பேசினார். டகா விளக்கு வெளிச்சத்துக்கு வரும் மீன். நிலா காயும் நாட்களில் விளக்கை மதிக்காது, படகு போகாது. இருட்டு நாட்களில்தான் மீன் குவியும், அப்போதுதான் பரண் வேண்டும். ஜூலையில் வா, சரி. ஆனால் நிலா தேய்ந்த பிறகு வா, என்றார்.

திலகவதி பையைத் துழாவி ஒரு சட்டைப்பை நாள்காட்டியை எடுத்தாள். பின்பக்கத்தில் அமாவாசை, பௌர்ணமி அச்சிட்டிருக்கும் சின்ன அட்டை, ஏதோ ஒரு ஜவுளிக்கடை கொடுத்தது. ஜூலையில் விரலை வைத்துத் தேடினாள். "ஆடி அமாவாசைக்கா" என்று என்னைப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "வெயிலு வேற, மழ வேற. அமாவாச மட்டும் ரெண்டு ஊருக்கும் ஒண்ணுதான்."

அதை அப்படியே பதிலாக எழுதினார்கள், ரெஹேமாவின் அம்மா பெயரையும் சேர்த்து. நான்காம் நாள் அனுமதி வந்துவிட்டது. செப்டம்பர் வரை அவகாசம்.

ஆனால் பதினான்காவது ஆபத்து பாக்கி இருந்தது. "ஆடியில எவளாவது தொழில் தொடங்குவாளா?" என்று குப்பு ஆரம்பித்தார். அவர்கள் வீட்டுக்கு அன்று நானும் போயிருந்தேன்; பரணைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. "அங்கல்லாம் ஆடி கெடையாதும்மா" என்றாள் மகள். "ஆடி கெடையாது, அமாவாச மட்டும் இருக்குதா?" என்றார் குப்பு. குப்பு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஜெயித்துவிட்ட நிம்மதியில் மனம் இறங்கியது போலும். "சரி, அமாவாச கழிச்சி மறுநாளு ஆரம்பி. ஒரு தேங்கா ஒடைச்சிடு. தேங்கா கெடைக்குமில்ல அங்க?" என்றார். தேங்காய் அங்கே ஏராளம் என்று தெரிந்ததும் அந்த ஊர் மீது அவருக்கு ஒரு நல்ல அபிப்பிராயம் வந்தது.

ஆடியில் போய் ஆவணித் தொடக்கத்தில் திரும்பினார்கள். அந்த ஐந்து வாரமும் என் பக்கத்து இருக்கையில் யார் யாரோ உட்கார்ந்தார்கள். தயிர்சாதம் தயிர்சாதமாகவே இருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. அவள் அனுப்பும் குரல்செய்திகளைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டு போவேன். பின்னணியில் காற்று இரைச்சலும் பெண்களின் சிரிப்பும் கேட்கும். "அக்கா, இங்க காத்து தூக்கிக்கினு போவுதுக்கா. நேத்து பாதி மீன் பக்கத்து வூட்டுக் கூரையில." இன்னொரு நாள், "மேல் வலைய இறுக்கிக் கட்டிட்டோம். ஸ்ரீதர் நல்லா முடிச்சி போடறான், நெல்லு மூட்டை கட்டின கை."

திரும்பி வந்த பிறகுதான் பெரிய சேதி சொன்னாள். முதல் பரணைக் கட்டி முடித்ததும் ரெஹேமாவின் அம்மா சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாராம். பிறகு ஒரு ரம்பத்தை எடுத்து வந்து, கால்களில் முழங்கை அளவு வெட்டச் சொன்னாராம். அங்கே பெண்கள் முக்காலியில் உட்கார்ந்துகொண்டுதான் மீனைப் பரப்புவார்கள், புரட்டுவார்கள். நாய் வருமே என்றதற்கு, "நாயை விரட்டிவிடலாம், முதுகுவலியை விரட்ட முடியுமா?" என்று கேட்டாராம். பிறகு கட்டியவற்றையும் சேர்த்து ஆறு பரணும் அந்த உயரத்தில்தான் நிற்கின்றன. தினமும் ஒரு பரணுக்கு இவ்வளவு என்று வாடகை போட்டிருந்த திட்டத்தையும் அவர்கள் ஏற்கவில்லை. இருட்டு நாட்களை எண்ணி ஆளுக்கு இத்தனை நாள் என்று தாங்களே முறை பிரித்துக்கொண்டார்கள். இவர்கள் கிளம்பி வந்த பத்தாம் நாள் ஒரு படம் வந்தது. ஏழாவதாக ஒரு பரண். இவர்கள் சொல்லிக் கொடுக்காமல், பணம் கொடுக்காமல், அவர்களாகவே கட்டியது. அந்தப் படத்தைப் பேருந்தில் எனக்குக் காட்டினாள், முன் இருக்கைக்காரருக்கும் காட்டினாள், நடத்துநருக்கும் காட்டினாள். "இதுவா, கருவாடு காய்ற கட்டிலு?" என்று அவர் கேட்டார்.

போன ஞாயிறு தேவனாம்பட்டினம் போனேன். வாசலில் திலகவதி ரம்பத்தோடு உட்கார்ந்து தன் பழைய பரணின் கால்களை அறுத்துக்கொண்டிருந்தாள். குப்பு இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். "ரெண்டு வருசமா நான் கத்தறேன். அப்பல்லாம் புக்குல போட்டிருக்குது, புக்குல போட்டிருக்குதுன்னா. இத்தக் கத்துக்க ஏரோப்ளேன் ஏறிப் போவணுமாம்மா?" என்று என்னிடம் நியாயம் கேட்டார். திலகவதி தலை நிமிராமல், "அந்த அம்மாவும் உன்ன மாதிரியேதாம்மா திட்டினாங்க. பாஷதான் வேற" என்றாள். குப்புவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கால்கள் இறங்கியதும் ஒரு முக்காலியைக் கொண்டு வந்து போட்டு உட்கார்ந்து பார்த்தார். கை எட்டியது. எழுந்திருக்கவே இல்லை, அப்படியே நெத்திலிக் கூடையை இழுத்துப் பரப்ப ஆரம்பித்துவிட்டார்.

இன்று காலை அதே ஏழு நாற்பது வண்டி. திலகவதியின் மடியில் அட்டை, அட்டையின் மேல் ஒரு படிவம். அறக்கட்டளைக்கு இணையத்தில் அனுப்பும் நிறைவறிக்கையைக் கல்லூரிக்கும் கையால் நிரப்பிக் கொடுக்க வேண்டுமாம். முதல் கேள்வியை நானும் படித்தேன். "திட்டம் நீங்கள் விண்ணப்பத்தில் எழுதியபடியே நடைபெற்றதா? ஆம் / இல்லை." இந்த மாதிரிக் கேள்விக்கு ஆம் என்று போட்டுவிட்டால் அதோடு விட்டுவிடுவார்கள், இல்லை என்று போட்டால்தான் காரணம் கேட்பார்கள். இது எனக்குத் தெரியும், இந்நேரம் அவளுக்கும் தெரியும். நான் என் பேனாவை எடுத்து நீட்டினேன்.

அவள் 'இல்லை'யில் டிக் அடித்தாள். காரணம் எழுத இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள். அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தாளைத் திருப்பிப் போட்டு, வெறுமையாக இருந்த பின்பக்கத்தில் மேல் ஓரத்திலிருந்து எழுத ஆரம்பித்தாள்.